குத்தகைக்கு விட்ட திரை: கோத்தகிரிப் படிப்பகத்தில் லினக்ஸில் ஓடும் பழைய விஆர் ஹெட்செட், ஒரு நிகழ்வு ஆய்வு

நீலகிரியின் கோத்தகிரியில் எங்கள் படிப்பகத்துக்கு, தலையில் மாட்டினால் சுற்றிலும் வேறோர் இடத்தைக் காட்டும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்கள் இரண்டு வந்தபோது, "இனி இது ஓடாது, பிள்ளைகள் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கோவையில் வீட்டு உள்அலங்காரம் செய்யும் ஓர் அலுவலகம் அது. கட்டப்போகும் வீட்டை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே காட்ட வாங்கியிருந்தார்கள். புதிய ஹெட்செட்டுக்கு மாறியதும் பழைய இரண்டையும், கூடவே ஒரு ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டையும், அட்டைப்பெட்டியில் கட்டி மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டும் 'விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி' வகை. 2017-இல் பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் செய்து விற்றவை. ஒரு கண்ணுக்கு 1440×1440 புள்ளி, நொடிக்கு 90 சட்டகம். முகப்பில் இரண்டு சிறிய கறுப்பு வெள்ளை கேமரா, ஒரு நீண்ட வயர், அதன் முனையில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு யூஎஸ்பி. அவ்வளவுதான். சுவரில் மாட்ட வேண்டிய உணர்விகள் எதுவும் கிடையாது. இந்த ஹெட்செட்களை இயக்கும் பகுதியைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்தது. 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அது இல்லை. கொடுத்தவர்கள் 'ஓடாது' என்றது இந்தப் பொருளில்தான். லென்ஸ், திரை, கேமரா எதிலும் பழுதில்லை.

எங்கள் படிப்பகக் கணினியில் தொடக்கத்திலிருந்தே விண்டோஸ் கிடையாது, லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளம்தான். எனவே எங்கள் கேள்வி வேறாக இருந்தது. விண்டோஸுக்கென்றே பிறந்து, விண்டோஸே கைவிட்ட ஒரு ஹெட்செட், லினக்ஸில் ஓடுமா? ஓடியது. எப்படி ஓடியது, எங்கெங்கே முட்டி நின்றோம், எது இன்னும் சரியாகவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். இதே போன்ற ஹெட்செட்கள் தமிழ்நாட்டில் பல அலுவலகங்களில், கல்லூரி ஆய்வகங்களில் தூசி படிந்து கிடக்கின்றன என்று நினைக்கிறேன். யாராவது ஒருவர் எடுத்துத் துடைத்து ஓட்டினால் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

எதற்காக

படிப்பகத்துக்கு வருபவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். தேயிலை பறித்து ஓய்வு பெற்ற பெண்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி இங்கே குடியமர்ந்தவர்கள், முழங்கால் தேய்ந்தவர்கள். கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான், ஆனால் சுற்றியுள்ள பல ஊர்களுக்குத் தண்ணீர் தருவது அதுதான். 2024 தொடக்கத்தில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. இத்தனை பக்கத்தில் இருந்தும் இவர்களில் பலரால் இப்போது அதற்குள் நடக்க முடியாது. மழைக்காலத்தில் வழுக்கும், அட்டை ஏறும், காலையில் காட்டு மாடு பாதையில் நிற்கும்.

படிப்பகத்தை நடத்தும் அக்காதான் கேட்டார், "தம்பி, அந்தக் கண்ணாடியில சோலையக் காட்ட முடியுமா?" என்று. வேறு எந்தத் திட்டமும் எங்களுக்கு இல்லை. விளையாட்டு வேண்டாம், கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் திருப்பினால் சுற்றிலும் சோலை தெரிய வேண்டும். தேவை இவ்வளவு சிறியதாக இருந்ததுதான் இந்த வேலையைக் காப்பாற்றியது. இதைப் பின்னால் பலமுறை உணர்ந்தேன்.

கொஞ்சம் பழைய கதை

விஆர் விஷயத்தில் விண்டோஸ் அல்லாத இயங்குதளங்கள் ஏன் இத்தனை பின்தங்கின என்று தெரிந்தால்தான், எங்களுக்கு நேர்ந்த சிக்கல்களின் வேர் புரியும்.

ஆக்குலஸ் நிறுவனத்தின் ரிஃப்ட் ஹெட்செட்டின் முதல் இரண்டு மாதிரிகள் நிரலாளர்களுக்காக 2013-இலும் 2014-இலும் வந்தன. அப்போது லினக்ஸுக்கும் மேக்குக்கும் ஆதரவு இருந்தது. 2015 மே மாதம், விண்டோஸில் கவனம் செலுத்துவதற்காக அந்த இரண்டுக்குமான வேலையை நிறுத்திவைப்பதாக அந்த நிறுவனம் சொன்னது. 2016 மார்ச்சில் ரிஃப்ட் விற்பனைக்கு வந்தபோது விண்டோஸ் மட்டும்தான். வால்வ் நிறுவனம் வேறு வழியில் போனது. 2017 பிப்ரவரியில் ஸ்டீம்விஆர் என்ற தன் விஆர் மென்பொருளின் சோதனைப் பதிப்பை லினக்ஸுக்கும் கொடுத்தது. அதே ஆண்டு மேக்குக்கும் வந்தது, ஆனால் 2020-இல் மேக் ஆதரவு நின்றுபோனது.

நிறுவனம் தருவதும் நிறுவனம் நிறுத்துவதுமாக இருந்த இந்தக் கதையில் இரண்டு திருப்பங்கள் முக்கியமானவை. ஒன்று, க்ரோனோஸ் அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஓப்பன்எக்ஸ்ஆர் 1.0 தரம். நிரல் எழுதுபவர் இந்த ஒரு தரத்துக்கு எழுதினால் போதும், கீழே எந்த ஹெட்செட் என்று அவர் கவலைப்பட வேண்டியதில்லை. இரண்டு, அந்தத் தரத்தை லினக்ஸில் நிறைவேற்றிக் காட்ட கொலாபரா நிறுவனம் அதே ஆண்டில் தொடங்கிய மொனாடோ. இது திறந்த மூலநிரல். கொலாபராவுக்கு வெளியே இருப்பவர்களும் தங்களிடம் உள்ள ஹெட்செட்டுக்கு டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) எழுதிச் சேர்க்கலாம், சேர்த்திருக்கிறார்கள். எங்கள் வகை ஹெட்செட்டுக்கான டிரைவரும் அதில் இருக்கிறது. செய்தவர் தந்த ஆவணம் இல்லாமல், யூஎஸ்பி வழியே என்ன போகிறது, என்ன வருகிறது என்று கவனித்துக் கவனித்து எழுதியது. அதை எழுதியவர்களை நான் பார்த்ததில்லை, ஆனால் எங்கள் படிப்பகத்தில் சோலை தெரிவது அவர்களால்தான்.

முதல் முயற்சி: தெரிந்த திரையும் தெரியாத திரையும்

படிப்பகக் கணினியில் இருந்தது உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் மிகப் பழைய பதிப்பு. புதிய கார்டைப் பொருத்தி, ஹெட்செட்டைச் செருகியதும் திரை அமைப்புகளில் இரண்டாவது மானிட்டர் ஒன்று முளைத்தது. சரி, கண்டுகொண்டது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் அதன்பிறகு திறக்கும் ஜன்னல்கள் காணாமல் போயின. சுட்டியும் திரையின் வலது ஓரத்தைத் தாண்டிப் போய் மறைந்தது. ஹெட்செட்டை மாட்டிப் பார்த்தால் உள்ளே இருட்டு.

அத்தனை பழைய கணினி அமைப்பில் இதற்குமேல் தோண்டுவதில் பயனில்லை என்று, அந்த வார இறுதியில் டெபியன் 12 என்ற இன்னொரு லினக்ஸ் வகையை நிறுவினேன். ஹெட்செட்டை மறுபடி செருகினேன். இப்போது திரை அமைப்புகளில் எதுவுமே இல்லை. மானிட்டர் ஒன்றே ஒன்று. முன்பு தெரிந்தது இப்போது தெரியவில்லை என்றதும், வயரில் ஏதோ அறுந்துவிட்டது என்று முடிவு கட்டினோம். இரண்டாவது ஹெட்செட்டைச் செருகினோம், அதுவும் தெரியவில்லை. வேறு எச்டிஎம்ஐ முனை, வேறு யூஎஸ்பி துளை, கார்டைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்துவது என்று இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் டெர்மினலைத் திறந்து, லினக்ஸின் உட்கருவான கெர்னல் அந்த எச்டிஎம்ஐ முனையைப் பற்றி என்ன நினைக்கிறது என்று நேராகக் கேட்டுப் பார்த்தேன். சிஸ் அடைவில், டிஆர்எம் பிரிவுக்குள், ஒவ்வொரு முனைக்கும் 'ஸ்டேட்டஸ்' என்று ஒரு சிறிய கோப்பு உண்டு. அதில் 'இணைந்திருக்கிறது' என்றே இருந்தது. ஹெட்செட் அங்கேதான் இருந்தது, ஜன்னல்களை நிர்வகிக்கும் மேசைத்திரை மென்பொருளுக்குத்தான் அது காட்டப்படவில்லை. அதுதான் சரியான நடத்தையும்கூட!

ஹெட்செட்டைச் சாதாரண மானிட்டராக நடத்தக் கூடாது. அதில் சுட்டியும் ஜன்னலும் போய்த் திறந்தால் யாருக்கும் பயனில்லை. லென்ஸின் வளைவுக்கு ஏற்ப வளைத்துக் கொடுத்தால்தான் உள்ளே படம் படமாகத் தெரியும், அந்தக் கணக்கு விஆர் மென்பொருளுக்கு மட்டுமே தெரியும். மேசைத்திரை நடுவில் புகுந்தால் தாமதமும் கூடும், தலை சுற்றும். இதற்கான ஏற்பாடு 2018 ஜனவரியில் வெளியான 4.15 கெர்னலில் சேர்ந்தது. அதில் இரண்டு பகுதி உண்டு. விஆர் ஹெட்செட் என்று அடையாளம் தெரிந்த திரைக்குக் கெர்னல் 'இது மேசைக்குரியதல்ல' என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடும். அப்படி ஒதுக்கிய திரையை, கேட்கும் விஆர் மென்பொருளுக்கு மேசைத்திரை குத்தகைக்கு விடும், இந்தப் பகுதி வால்வ் நிறுவனத்துக்காக கீத் பேக்கார்டு செய்தது.

குத்தகை என்பது என் உவமை அல்ல, அந்த ஏற்பாட்டின் பெயரே அதுதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தோட்டம் ஒருவர் பேரில் இருக்கும், கவாத்து பண்ணி, உரம் வைத்து, இலை பறிப்பது குத்தகைக்காரர். குத்தகை நாள் முடியும்வரை உடையவர் உள்ளே வந்து இலை பறிக்கக் கூடாது. அது போல, ஹெட்செட்டின் திரை முழுவதும் மொனாடோவின் கைக்குப் போய்விடும். மொனாடோ நின்றதும் திரும்பி வந்துவிடும்.

பழைய கெர்னலில் எங்கள் ஹெட்செட் வகை அந்த முத்திரைப் பட்டியலில் இல்லை, அதனால் மானிட்டராகத் தெரிந்தது. புதிய கெர்னலில் இருந்தது, அதனால் மறைந்தது. தெரிந்தபோது தவறாக இருந்தது, மறைந்தபோது சரியாகிவிட்டது. இந்த ஆய்வில் வேறு எதையும் மறந்துவிட்டாலும் இந்த ஒன்றை நினைவில் வையுங்கள். லினக்ஸில் ஹெட்செட் திரை அமைப்புகளில் தெரியாவிட்டால், வயரைக் குற்றம் சொல்லும் முன் கெர்னலைக் கேளுங்கள்.

கட்டி எழுப்பியது

டெபியன் 12-இன் களஞ்சியத்தில் மொனாடோ இருக்கிறது, ஆனால் எங்களுக்கு மிகப் பழைய பதிப்பு. மூலநிரலை எடுத்து நாங்களே இயங்கும் நிரலாகக் கட்டினோம். கட்டுவது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். இணைய வேகம் குறைவு, ஐப்பசி மழையில் கரண்டும் போய்ப் போய் வரும். தேவையான எல்லாத் தொகுப்புகளையும் ஒரே முறையில் இறக்கி வைத்துக்கொண்டு, அப்புறம் இணையம் இல்லாமலே கட்டினேன்.

முதல் ஓட்டத்தில் மொனாடோவுக்கு ஹெட்செட் கண்ணில் படவில்லை. நிர்வாகியாக ஓட்டினால் பட்டது. அப்படியானால் அனுமதிச் சிக்கல். சாதாரணப் பயனர் இந்த யூஎஸ்பி கருவியைத் தொடலாம் என்று சொல்லும் விதிகள் 'எக்ஸ்ஆர்-ஹார்டுவேர்' என்ற தொகுப்பில் தயாராக இருக்கின்றன. டெபியனிலேயே கிடைக்கும். நிறுவி, வயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன், தீர்ந்தது. நிர்வாகியாகவே ஓட்டிக்கொண்டிருக்கலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். படிப்பகம் போன்ற பொது இடத்தில் அது ஆபத்து. அதோடு, சாதாரணப் பயனராக ஓடும் நிரல்கள் நிர்வாகியாக ஓடும் மொனாடோவோடு பேசுவதில் வேறு தொல்லைகள் முளைக்கும்.

இப்போது மொனாடோ ஹெட்செட்டைப் பிடித்தது, தலையின் அசைவு எண்களாக டெர்மினலில் ஓடியது. திரை மட்டும் வரவில்லை. குத்தகை கேட்கிறது, கொடுக்க ஆள் இல்லை என்கிற மாதிரி ஒரு பிழைச்செய்தி. லினக்ஸில் திரையில் படம் காட்ட எக்ஸ், வேலண்ட் என்று இரண்டு முறைகள் உண்டு, நாங்கள் உள்நுழைந்திருந்தது புதிய வேலண்ட் முறையில். பழைய எக்ஸ் முறையில் திரையைக் குத்தகைக்கு விடும் வழி 2018-லேயே வந்துவிட்டது. வேலண்டில் அதற்கான நெறிமுறை 2021-இல்தான் பொதுத் தொகுப்பில் சேர்ந்தது, அதையும் ஒவ்வொரு மேசைச்சூழலும் தனித்தனியே ஏற்க வேண்டும். நாங்கள் வைத்திருந்த மேசைச்சூழலின் பதிப்பில் அது இன்னும் இல்லை. கேடிஇ பிளாஸ்மா என்ற மேசைச்சூழல் 5.24 பதிப்பிலிருந்தே அதைத் தருகிறது. டெபியன் 12-இல் இருப்பது 5.27. பிளாஸ்மாவை நிறுவி, அதில் உள்நுழைந்து, மொனாடோவை ஓட்டினேன். ஹெட்செட்டுக்குள் மெல்லிய வெளிச்சம் வந்தது.

அந்த வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஹெட்செட்டின் லென்ஸும் மிகச் சிறிய அளவில் மற்றொன்றிலிருந்து வேறுபடும். அந்த அளவீடுகளைத் தொழிற்சாலையிலேயே ஹெட்செட்டின் நினைவகத்தில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். மொனாடோ அதை வாசித்துத்தான் படத்தை வளைக்கிறது. எந்த நிறுவனத்தின் சர்வரையும் கேட்க வேண்டியதில்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. இணையமே இல்லாத மழை நாளில் எட்டு வயதுக் கருவி ஒன்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டு எழுந்து நிற்பது எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

சோலையைப் படமெடுத்தது

கடன் வாங்கிய, இரண்டு மீன்கண் லென்ஸ் கொண்ட 360 பாகை கேமராவில், பொதுமக்கள் நடக்க அனுமதி உள்ள பாதையிலிருந்து மட்டும் எடுத்தோம். இரண்டு பாதிகளையும் ஹியூகின் மென்பொருளில் ஒட்டினோம். எந்த அளவில் எடுப்பது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்குக் குறுக்கே 1440 புள்ளி, அது ஏறக்குறைய 95 பாகையை நிரப்புகிறது. அதாவது ஒரு பாகைக்குச் சுமார் 15 புள்ளி. முழு வட்டம் 360 பாகை. ஆக, படம் குறுக்கே 5,500 புள்ளிக்குக் குறையாமல் இருந்தால்தான் ஹெட்செட்டால் காட்ட முடிந்த தெளிவு முழுதாகக் கிடைக்கும். முதலில் 4,000 புள்ளியில் சேமித்திருந்தோம், காட்டுப் பூவரசின் இலைகள் எல்லாம் பச்சைக் கலங்கலாக இருந்தன. 6,000 புள்ளியில் மறுபடி சேமித்ததும் பாசியின் இழைவரை தெரிந்தது. அதற்குமேல் கூட்டினால் இந்த ஹெட்செட்டில் வித்தியாசம் இல்லை.

காட்டும் நிரலை, விளையாட்டுகள் செய்யப் பயன்படும் கோடோ என்ற திறந்த மென்பொருளில் செய்தேன். அதன் நான்காம் பதிப்பிலிருந்து ஓப்பன்எக்ஸ்ஆர் உள்ளேயே இருக்கிறது. 360 படத்தை வானமாகப் பொருத்த ஒரு ஏற்பாடும் தயாராக இருக்கிறது. என் பங்குக்கு எழுதியது ஒரு பக்கத்துக்கும் குறைவு. வலது அம்புக்குறி அழுத்தினால் அடுத்த படம், இடது அழுத்தினால் முந்தையது. விசைப்பலகை எப்போதும் எங்களில் ஒருவர் கையில். கன்ட்ரோலரைப் பாட்டிகளிடம் கொடுத்துப் பழக்குவதைவிட, "அடுத்தது காட்டவா பாட்டி?" என்று கேட்டு மாற்றுவதே இயல்பாக இருந்தது.

மெல்லத் திரும்பிய காடு

முதல் ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் பார்த்தார்கள். முன்பக்கத்தை மேலே தூக்கிவிடும் வகை ஹெட்செட் என்பது பெரிய வசதி. மூக்குக் கண்ணாடியோடே மாட்டலாம், தலை சுற்றினால் சட்டென்று தூக்கிவிட்டு அறையைப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் யாருக்கும் கொடுக்கவில்லை. 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கொடுப்பதே இல்லை என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார், அந்த விதி இப்போதும் இருக்கிறது.

மூன்றாவதாக மாட்டிய பாட்டி ஒருவர் சிறிது சிறிதாக இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனார். கேட்டால், "பாதை அந்தப் பக்கம் போவுது தம்பி, நானும் போறேன்" என்றார். படம் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. ஹெட்செட்டுக்குள் இருக்கும் சுழற்சிமானி தலை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைத்தான் அளக்கிறது. அதைக் கூட்டிக் கூட்டித்தான் எந்தத் திசை என்று கணக்கிட வேண்டும். மிகச் சிறிய பிழையும் கூடிக்கொண்டே போகும். மேலும் கீழும் சாய்வதைப் புவியீர்ப்பு திருத்திவிடும். இடமும் வலமும் திரும்புவதைப் புவியீர்ப்பால் திருத்த முடியாது.

இதற்குச் சரியான தீர்வு முகப்பில் உள்ள இரண்டு கேமராக்கள். அறையின் மூலைகள், சட்டங்கள், எழுத்துகள் ஆகியவற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு, அவை நகர்ந்ததை வைத்துத் தலை எங்கே இருக்கிறது என்று கணக்கிடலாம். மொனாடோவுக்காக இந்த வேலையைச் செய்யும் திறந்த மென்பொருள் பாசால்ட். அதைக் கட்டியதுதான் எங்கள் கணினிக்கு இருந்த மிகக் கடினமான வேலை. 8 ஜிபி நினைவகத்தில் பல பகுதிகளை ஒரே நேரத்தில் கட்டச் சொன்னபோது நினைவகம் தீர்ந்து பாதியில் நின்றது. ஒவ்வொன்றாகக் கட்டச் சொல்லி இரவு முழுக்க ஓடவிட்டேன்.

கட்டிய பிறகும் கேமராப் படம் வரவில்லை. தலை திரும்புவது தெரிகிறது, கேமரா மட்டும் குருடாக இருக்கிறது. கணினிப் பெட்டியின் முன்பக்க யூஎஸ்பி துளையில் செருகியிருந்தோம். சுழற்சிமானியின் தரவு சிறியது, எதிலும் ஓடும். இரண்டு கேமராவின் படம் பெரியது, அதற்கு நல்ல யூஎஸ்பி 3 பாதை வேண்டும். பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் துளைக்கு மாற்றியதும் வந்தது.

அடுத்தது சுவர். எங்கள் படிப்பக அறை வெள்ளையடித்த வெறும் சுவர். பிடிக்க எதுவும் இல்லாமல் பாசால்ட் தடுமாறியது, படம் தாவியது. பறவைகளின் படத்தாள், உயிரெழுத்து அட்டவணை, பழைய காலண்டர் தாள்கள், ஒரு நீலகிரி வரைபடம் என்று நான்கு சுவரிலும் ஒட்டினோம். அன்று மாலையே படம் அசையாமல் நின்றது. இருட்டிய பிறகு விளக்கு போதாவிட்டால் மறுபடி தடுமாறும், அதனால் பகலில்தான் காட்டுகிறோம்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அறை நிறையப் பேர் வந்த நாட்களில், பார்ப்பவருக்கு எதிரே ஆட்கள் நடமாடினால் கேமரா எதைச் சுவர், எதை ஆள் என்று குழம்புகிறது. பாசால்ட் இருந்தும் படம் வழுக்குகிறது. யோசித்துப் பார்த்தால், எங்கள் தேவைக்கு இடத்தை அறிவது அவசியமே இல்லை. படம் வானம் போல எல்லையற்ற தொலைவில் இருக்கிறது, தலையை ஒரு அடி நகர்த்தினாலும் எதுவும் மாறப்போவதில்லை. திசை மட்டும் சரியாக இருந்தால் போதும். கோடோவில் பார்ப்பவரின் இப்போதைய திசையையே முன்பக்கமாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு கட்டளை உண்டு. அதை இடைவெளி விசையில் பொருத்தினேன். படம் திரும்பிவிட்டது என்று யாராவது சொன்னால் ஒரு தட்டு, நேராகிவிடும்.

மூன்று வார இறுதிகள் பாசால்டில் போனபின் ஒரு விசையில் தீர்ந்தது என்றாலும், அந்த உழைப்பு எனக்கு வீணாகத் தெரியவில்லை. ஆள் குறைவான நாட்களில் கேமரா முறை அத்தனை திடமாக நிற்கிறது. கூட்டமான நாட்களில் விசை. உட்கார்ந்து 360 படம் மட்டும் காட்டப்போகிறவர்கள் முதலில் விசையில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். எழுந்து நடக்க வேண்டிய எதற்கும் பாசால்ட் இல்லாமல் முடியாது.

பனி

இது மென்பொருள் விஷயம் இல்லை, ஆனாலும் மலையில் செய்பவர்களுக்குத் தெரிய வேண்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். வடகிழக்குப் பருவமழை இங்கே நன்றாகப் பெய்யும். கார்த்திகை மார்கழியில் வெளியிலிருந்து வந்து மாட்டும் ஒவ்வொருவரின் மூச்சும் லென்ஸில் படிந்து, சோலையின் மேல் இன்னொரு மூடுபனியாக நின்றது. சிலர் அதையும் படம் என்றே நினைத்து, "பனி நல்லா எறங்கியிருக்கு" என்றார்கள். காட்டத் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே மொனாடோவை ஓட்டி வைத்துவிட்டால் உள்ளே இளஞ்சூடு ஏறிவிடுகிறது, அப்புறம் பெரும்பாலும் படிவதில்லை. வேலை முடிந்ததும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைக்கிறோம். திறந்த அலமாரியில் வைத்தால் மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பது இங்கே கேமரா வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு

புதிதாக வாங்கப் பணம் இருப்பவர்களுக்கு எங்கள் வழி மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். மெட்டாவின் குவெஸ்ட் வகை ஹெட்செட்கள் ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டவை. கணினியே இல்லாமல் 360 படம் காட்டும். லினக்ஸ் கணினியிலிருந்து அவற்றுக்குப் படத்தை வயர் இல்லாமல் அனுப்ப ஏஎல்விஆர், வைவிஆர்என் என்ற இரண்டு திறந்த மென்பொருள்கள் உண்டு. பின்னது மொனாடோவின் மேல் எழுந்தது. ஆனால் தொடங்கும்போது கணக்கு வேண்டும், இணையம் வேண்டும். வால்வ் இண்டெக்ஸ் போன்றவை லினக்ஸில் ஸ்டீம்விஆரோடு நேராக ஓடும், ஆனால் சுவரில் லேசர் வீசும் பெட்டிகள் மாட்ட வேண்டும், விலையும் அதிகமாக இருந்தது. கையில் இருக்கும் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டைக் கழிவில் போட வேண்டாம் என்பது மட்டும் என் உறுதியான கருத்து.

இப்போதைய நிலை

மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை பத்து முதல் ஒரு மணி வரை காட்டுகிறோம். பதினான்கு படங்கள் இருக்கின்றன. கணினிக்கு மேல் ஒரு தாளில் தமிழில் படிகளை எழுதி ஒட்டியிருக்கிறோம்: பிளாஸ்மாவில் உள்நுழை, யூஎஸ்பி பின்பக்கம், மொனாடோ, பத்து நிமிடம் பொறு, அப்புறம் சோலை. நான் இல்லாத நாட்களிலும் அக்கா தனியாகவே ஓட்டுகிறார்.

டெபியனைப் புதுப்பிக்கும் முன் மொனாடோவும் கோடோவும் இருக்கும் அடைவை அப்படியே வெளிவட்டில் நகலெடுத்து வைக்கிறேன். புதிய கெர்னல் வந்த ஒருமுறைகூட இதுவரை திரை கைவிட்டுப் போனதில்லை.

சரியாகாதவையும் இருக்கின்றன. இரண்டாவது ஹெட்செட்டில் இடது கேமரா படம் தருவதில்லை. அது எங்களிடம் வரும்முன்பே அப்படியா, நான் யூஎஸ்பி துளைகளை மாற்றி மாற்றிச் செருகியதில் நேர்ந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதைத் திசை மட்டும் அறியும் முறையில் ஓட்டுகிறோம். கண்களுக்கு இடையிலான தூரத்தை இந்த வகையில் மென்பொருளில்தான் மாற்ற முடியும், லென்ஸ்கள் நகராது. அதனால் கண்கள் மிக நெருக்கமாக உள்ள சிலருக்கு ஓரங்கள் கலங்கலாகவே தெரிகின்றன. இதற்கு வழி எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

போன மாதம் அந்தப் பாட்டி மறுபடி வந்தார், இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனவர். ஒன்பதாவது படத்தில், ஓடைக்குப் பக்கத்தில் உள்ள மரத்தைக் காட்டி, நாங்கள் எழுதி வைத்திருந்த பேர் தவறு என்றார். தன் ஊரில் சொல்லும் பேரைச் சொன்னார். அக்கா அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். இப்போது ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். படத்தில் அந்தப் பேர்களைத் தமிழ் எழுத்தில் மிதக்கவிடுவதற்கான நிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து எந்தத் தொலைவில் நின்றால் வயதான கண்களுக்கு வசதி என்பதை அடுத்த ஞாயிறு நான்கைந்து பேரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.